இங்கிலாந்து போர்டிங் ஸ்கூலில் ஒரு வருட உதவியாளர் வேலை: 5-க்கு 3.5

போகலாம். ஒரு வருடத்துக்குப் போகலாம், வேலை நேரத்தை எழுத்தில் தருகிற பள்ளிக்கு மட்டும் போகலாம். என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2024 செப்டம்பரில் சாமர்செட் பக்கம் ஒரு கிராமப்புறப் பள்ளியில் சேர்ந்து, 2025 ஜூலையில் கல்வியாண்டு முடிந்ததும் கிளம்பினேன். பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகிற குறைகள் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் உரியவை அல்ல, மற்ற பள்ளிகளில் இதே வேலை பார்த்தவர்களிடம் பேசியபோதும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

என்ன வேலை என்று தெரியாதவர்களுக்கு: இதை கேப் ஸ்டூடண்ட் என்பார்கள், பள்ளிக்குள் கேப்பி என்று கூப்பிடுவார்கள், பட்டம் முடித்தவர்கள் வந்தால் கிராஜுவேட் அசிஸ்டன்ட் என்று பெயர் மாறும். வேலை ஒன்றுதான். பிள்ளைகள் தங்கியிருக்கும் ஹவுஸிலேயே நமக்கும் ஒரு அறை, மூன்று வேளை சாப்பாடு, கூடச் சம்பளம். ரொம்ப காலமாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கத்திலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த 18 வயதுப் பிள்ளைகள்தான் இந்த வேலைக்கு வருவார்கள், அவர்களுக்கு யூத் மொபிலிட்டி விசா, அதாவது இளைஞர்கள் கொஞ்ச காலம் தங்கி வேலை பார்ப்பதற்கான விசா இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்களுக்கு 2023-ல்தான் வழி திறந்தது, இந்தியா யங் புரொஃபஷனல்ஸ் ஸ்கீம் என்ற இரண்டு வருட விசா. 18 முதல் 30 வயது வரை, குறைந்தது ஒரு இளங்கலைப் பட்டம், வங்கியில் 2,530 பவுண்டு தொடர்ந்து 28 நாள் இருந்ததற்கு ஆதாரம், காசநோய்ப் பரிசோதனை. இவ்வளவும் இருந்தாலும் குலுக்கலில் பெயர் வர வேண்டும், வருடத்துக்கு 3,000 இடம்தான். குலுக்கலில் சேரக் காசு கிடையாது. பெயர் வந்தபின் நான் கட்டியது விசாக் கட்டணம் 298 பவுண்டு, அப்புறம் மருத்துவ சர்சார்ஜ் வருடத்துக்கு 776 வீதம் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 1,552 பவுண்டு. ஒரு வருடம்தான் இருக்கப்போகிறேன் என்று சொன்னாலும் இரண்டு வருடத்துக்குமாகச் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 319 ஆக உயர்ந்துவிட்டது. ஆக, விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்பே 1,800 பவுண்டுக்கு மேல் கையை விட்டுப் போகும், இதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இருந்தது பிரெப் ஸ்கூல். 13 வயது வரை உள்ள பிள்ளைகள் படிக்கிற இடம், அதில் எட்டு வயதிலேயே விடுதியில் தங்குகிறவர்களும் உண்டு. சிறுமிகள் ஹவுஸில் என்னைப் போட்டார்கள். காலை ஏழு மணிக்கு எழுப்புவதில் தொடங்கும். தலை பின்னுவது, தொலைந்த ஒற்றை சாக்ஸைத் தேடுவது, காலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் கூட்டிப்போவது. பகலில் சின்ன வகுப்புகளில் ஆசிரியருக்கு உதவி, வாசிக்கச் சிரமப்படும் பிள்ளையோடு தனியாக உட்கார்வது, நூலகம். மதியத்துக்கு மேல் கேம்ஸ். மாலையில் பிரெப், அதாவது வீட்டுப்பாட நேரம், அதற்கு மேற்பார்வை. பிறகு குளியல், டோஸ்ட், வாசிப்பு, லைட்ஸ் அவுட். சின்னவர்களுக்கு எட்டரை, பெரியவர்களுக்கு ஒன்பதரை. அதற்குப் பிறகும் ஹவுஸில் ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும், அது பல நாள் நாமாகத்தான் இருப்போம்.

கேம்ஸ் பற்றி ஒரு வார்த்தை. விண்ணப்பத்தில் விளையாட்டு என்ற கட்டத்தைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். நெட்பாலை நான் அங்கே போய்த்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அணிக்கு ஏழு பேர், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது, கையில் மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, யார் எந்தப் பகுதிக்குள் போகலாம் என்பதை நெஞ்சில் ஒட்டியிருக்கும் எழுத்துத் துணி சொல்லும். சில வாரத்தில் கடைசி அணிக்கு விசில் ஊதுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். கடைசி அணியைத்தான் கேப்பியிடம் கொடுப்பார்கள், அதுதான் நல்லதும்கூட. ஜெயிக்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லாத அந்தப் பிள்ளைகளோடு மழையில் நின்ற புதன்கிழமைகளை நான் ரொம்பவே நேசித்தேன். நீர் புகாத நல்ல கோட்டும் தடித்த சாக்ஸும் மட்டும் வந்த முதல் வாரமே வாங்கிவிடுங்கள்.

ஆனால் இந்த வேலையின் சாரம் டோஸ்ட் நேரம்தான். இதை ஹவுஸ்பேரன்ட், அதாவது ஹவுஸுக்குப் பொறுப்பானவர், எனக்குச் சொல்லவில்லை, எந்தக் கையேட்டிலும் இல்லை, நானாகக் கண்டுகொண்டேன். இரவு எட்டு மணிக்கு முன்னால் ஹவுஸின் சின்னச் சமையலறையில் நான்கு துண்டு போடுகிற டோஸ்டர் ஒன்று, பக்கத்தில் இரண்டு பெரிய ரொட்டி, வெண்ணெய், ஜாம், மார்மைட் என்கிற உப்புச் சுவைத் தடவல். இருபது பிள்ளைகளுக்கு நான்கு துண்டு நான்கு துண்டாகத்தான் வரும் என்பதால் வரிசை நகரவே நகராது, ஈரத்தலையோடு டிரெஸ்ஸிங் கவுனைப் போர்த்திக்கொண்டு நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் பிள்ளைகள் பேசுவார்கள். நேருக்கு நேர் உட்காரவைத்து என்னம்மா பிரச்சினை என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பவள், நாம் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் இருந்தால், இன்றைக்கு மதியச் சாப்பாட்டில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை என்று மெதுவாகச் சொல்வாள். நான் மறுநாள் மேட்ரனிடம், அதாவது ஹவுஸில் பிள்ளைகளின் உடல்நலத்தையும் துணிமணியையும் பார்த்துக்கொள்பவரிடம், சொல்லி, அவர் வகுப்பாசிரியரிடம் சொல்லி, இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளை வேறு மேசையில் சிரித்துக்கொண்டிருந்தாள். இதில் என் பங்கு என்று பார்த்தால் அங்கே நின்றது மட்டும்தான். அங்கே நிற்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் பள்ளிகள் இந்த வேலையையே வைத்திருக்கின்றன என்று நான் நம்புகிறேன்.

வீட்டு ஏக்கத்துக்கும் அங்கே ஒரு கைப்பக்குவம் உண்டு. ஞாயிறு மாலைதான் மோசம், அதிலும் எக்ஸியட் முடிந்து, அதாவது வார இறுதிக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பிவரும் ஞாயிறு. எங்கள் மேட்ரன் அழுகிற பிள்ளையிடம் அழாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு வேலை கொடுப்பார். மறுநாளைக்கான குளியல் துண்டுகளைக் கட்டில்களில் வைத்துவிட்டு வா, ஹவுஸ் நாய்க்குத் தண்ணீர் ஊற்று, சின்னவளுக்குக் கதை படித்துக் காட்டு. கை வேலையில் இறங்கினால் மூச்சு சீராகிவிடும் என்பது அவர் கணக்கு, பெரும்பாலும் பலித்தது. ஹாங்காங், நைஜீரியா, ஸ்பெயின் என்று தூரத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்கு எக்ஸியட்டில் வீடு கிடையாது, இங்கிலாந்தில் நியமிக்கப்பட்ட கார்டியன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அம்மா அப்பாக்களின் கார்கள் வரிசைகட்டும்போது அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் நம்மில் ஒருவர் இருப்பது நல்லது. கடல் தாண்டி வந்திருக்கிறவள் என்பதால் அவர்கள் என்னோடு சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள்.

பாதுகாப்பு விதிகள் விஷயத்தில் இந்தப் பள்ளிகளுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். சேர்வதற்கு முன்பே டிபிஎஸ் என்கிற குற்றப் பின்னணிச் சோதனை, அதிலும் உயர்ந்த நிலைச் சோதனை, கூடவே நம் ஊர் போலீஸ் சான்றிதழ், இரண்டு பேரிடம் நம்மைப் பற்றி நேரடி விசாரணை, படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அந்த மாதங்களில் என்ன செய்தாய் என்ற கேள்வி. இதையெல்லாம் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குழந்தைகள் தூங்குகிற கட்டடத்தின் சாவியைக் கொடுக்கிறார்கள். கல்வித் துறை வெளியிடும் கீப்பிங் சில்ட்ரன் சேஃப் இன் எஜுகேஷன் என்ற வழிகாட்டியின் முதல் பகுதியைப் படிக்கத் தருவார்கள், உண்மையிலேயே வரிவரியாகப் படியுங்கள். அதிலிருந்து எனக்கு அதிகம் உதவியது ஒன்று: யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. டோஸ்ட் வரிசையில் ஒருத்தி, மிஸ், ஒன்று சொல்வேன், யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஆரம்பித்தால், உன்னைப் பத்திரமாக வைத்திருப்பதற்குச் சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்வேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். முதலில் கொடுமையாகத் தோன்றும். ஆனால் அப்படிச் சொன்னபிறகும் பிள்ளைகள் பேசத்தான் செய்தார்கள்.

பெரிய பள்ளிக்கு, அதாவது 13 முதல் 18 வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு 21, மாணவருக்கு 17 என்றால் வயது இடைவெளி குறைவாகத் தெரியலாம், ஆனால் 2003-ம் ஆண்டு பாலியல் குற்றச் சட்டப்படி அந்தப் பள்ளியில் மாணவர்களைக் கவனிக்கிற, மேற்பார்வை செய்கிற வேலையில் இருக்கும் எவரும் 18 வயதுக்குக் கீழ் உள்ள மாணவரோடு பாலியல் உறவு கொள்வது குற்றம், மாணவர் சம்மதித்தாலும் குற்றம்தான். சமூக வலைத்தளத்தில் மாணவர்களைச் சேர்க்கவே கூடாது, சொந்த போனில் படம் எடுக்கவும் கூடாது. இந்த எல்லைகள் நமக்கும் பாதுகாப்பு.

இனி 1.5 மதிப்பெண்ணை எங்கே குறைத்தேன் என்று சொல்கிறேன். பெரும்பகுதி நேரக் கணக்கில்தான்.

எனக்கு வந்த வேலைக் கடிதத்தில் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று இல்லை. பள்ளியின் தேவைக்கேற்ப என்ற ஒரே தொடர்தான். தேவை என்றைக்கும் தீராது. ஓய்வு நாள் என்று போட்டிருக்கும் ஞாயிறன்று காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டி, சுற்றுலா பஸ்ஸில் ஒரு ஆள் குறைகிறது என்பார்கள். அந்த வார டியூட்டிப் பட்டியல் அதற்கு முந்தைய இரவுதான் சுவரில் ஏறும். அறை ஹவுஸுக்குள்ளேயே இருப்பதால் வேலை எங்கே முடிகிறது, நம் வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. டியூட்டி இல்லாத இரவிலும் தண்ணீர் எடுக்க வெளியே வந்தால் இரண்டு பிள்ளைகள் நம்மைப் பார்த்துவிடுவார்கள், பார்த்தபின் போ என்று எப்படிச் சொல்வது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள், ஏனென்றால் நம் வயதுக்காரர்களிடம் இதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை 21 வயது ஆனவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாகவும், 18 முதல் 20 வரை 10 பவுண்டாகவும் இருந்தது. தங்க அறை தருகிறார்கள் என்பதற்காக அந்தக் கணக்கில் நாளுக்கு 10.66 பவுண்டு, அதாவது வாரத்துக்கு 74.62 வரைதான் கழிக்க முடிந்தது. சாப்பாடு தருகிறோம் என்று சொல்லிக் குறைந்தபட்ச ஊதியத்தைக் குறைக்க முடியாது. இதை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்: அந்த வருட விகிதப்படி 21 வயதானவர் வாரம் 45 மணி நேரம் வேலை பார்த்தால் 549.45 பவுண்டு, அறைக்கு முழுத் தொகையைக் கழித்தாலும் வரிக்கு முன் 474.83 வர வேண்டும். விளம்பரத்தில் கைச்செலவுக்குப் பணம், சாப்பாடு, தங்குமிடம் என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்காமல் சரி என்று சொல்லாதீர்கள்.

இரவுத் தங்கல் வேறு கணக்கு. ஸ்லீப்-இன் என்பார்கள், ஹவுஸில் படுத்துத் தூங்கலாம், பிள்ளைக்கு வாந்தி, கெட்ட கனவு என்றால் எழுந்திருக்க வேண்டும். 2021 மார்ச்சில் மென்கேப் என்ற தொண்டு நிறுவனத்தின் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, தூங்க அனுமதியுள்ள அந்த இரவு முழுவதும் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் வராது, வேலைக்காக விழித்திருந்த நேரம் மட்டும்தான் வரும். தீர்ப்பு பள்ளி பற்றியது அல்ல, பராமரிப்புத் தொழிலாளர்கள் பற்றியது, ஆனாலும் போர்டிங் ஹவுஸ் இரவுகளுக்கும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அதனால் இரவில் எத்தனை மணிக்கு எழுந்தோம், எப்போது திரும்பப் படுத்தோம் என்று குறித்துவைப்பது அவசியம். வயிற்றுப்போக்கு பரவிய பிப்ரவரி வாரத்தில் ஹவுஸே தூங்கவில்லை. போர்வை மாற்றி, பக்கெட் கழுவி, நான்கு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுப்பப் போனோம். நானும் இன்னொரு கேப்பியும் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தோம், ஏகாஸ் என்கிற அரசு ஆலோசனை அமைப்பின் இலவச உதவி எண்ணில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு, அந்த நோட்டோடு பள்ளி நிர்வாகியைப் பார்த்தோம். அவர் கோபப்படவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு டியூட்டிப் பட்டியல் முன்கூட்டியே வந்தது, வாரத்தில் ஒரு முழு நாள் உண்மையிலேயே ஓய்வானது. விழித்த நேரத்துக்குப் பணமும் வந்தது. சரி, நல்லதுதான், ஆனால் வெளிநாட்டிலிருந்து தனியாக வந்த இரண்டு இளம் பெண்கள் நோட்டுப் போட்டுக் கேட்ட பிறகுதான் வர வேண்டுமா என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

இரண்டாவது குறை விடுமுறை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளில் மூன்று நான்கு வாரம் பள்ளி காலியாகிவிடும். சில பள்ளிகள் அறையில் இருக்க விடும், சில விடாது, சில இருக்கவிட்டாலும் சமையலறையைப் பூட்டிவிடும். ஆஸ்திரேலியப் பிள்ளைகள் கூட்டமாக ஐரோப்பா சுற்றக் கிளம்பிவிடுவார்கள், அவர்கள் பாஸ்போர்ட்டுக்கு அது சுலபம், நமக்கு ஷெங்கன் விசா, அதாவது பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா, தனியாக வேண்டும். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டுகிற கிராமத்தில், ஞாயிறு பஸ் இல்லாத இடத்தில், காலிக் கட்டடத்தில் தனியாக இருப்பது யாருக்கும் நல்லதில்லை. நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் தோழி அறையில் இருந்தேன், கோயிலும் இட்லியும் தமிழ்ப் பேச்சும் அந்த வாரங்களைக் காப்பாற்றின. 16-25 ரயில் கார்டு வாங்கிக்கொண்டால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

சாப்பாடு பரவாயில்லை. சைவத்துக்குத் தினமும் ஒன்று இருக்கும், உருளைக்கிழங்கு எல்லா வடிவத்திலும் வரும்.

வேலை தேடித் தருகிறோம் என்று பணம் கேட்கிற ஏஜென்சி வந்தால் விலகிவிடுங்கள். பிரிட்டனில் 1973-ம் ஆண்டின் எம்ப்ளாய்மென்ட் ஏஜென்சீஸ் சட்டப்படி வேலை தேடுபவரிடம் அதற்காகக் கட்டணம் வாங்குவதே பொதுவாகச் சட்டவிரோதம், சினிமா, மாடலிங் போன்ற சில துறைகளுக்கு மட்டும் விலக்கு. பள்ளிகள் தங்கள் இணையதளத்திலேயே வேலை விளம்பரம் போடுகின்றன, நேரடியாக எழுதலாம்.

இதை நிரந்தரக் குடியேற்றத்துக்கு வழி என்று நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த விசாவை நீட்டிக்க முடியாது, குடும்பத்தைக் கூட்டிவர முடியாது, ஒருமுறை பயன்படுத்தினால் மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. ஆசிரியராக வேண்டும், குழந்தைகள் மனநலத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் எனக்குத் தெரியவில்லை. அதே பள்ளியில் இரண்டாம் வருடமும் இருக்கச் சொன்னார்கள், நான் மறுத்தேன். முதல் வருடம் கற்பது, இரண்டாம் வருடம் அதே இரவுகள், சம்பள உயர்வோ பதவியோ இல்லை. மீதி விசாக் காலத்தில் வேறு வேலை பார்ப்பது புத்திசாலித்தனம்.

இப்போது பள்ளிகளுக்கும் நெருக்கடிதான். 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின்மேல் 20 சதவீதம் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி வந்துவிட்டது, ஏப்ரலில் முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீடும் 15 சதவீதமாக ஏறியது. ஆள் குறைத்து வேலையைக் கூட்டுகிற ஆபத்து இருக்கிறது. அதனால் நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதை யார் பதிவு செய்கிறார்கள், எத்தனை இரவு ஸ்லீப்-இன், ஓய்வு நாள் எது, விடுமுறையில் அறை உண்டா, போன வருடத்துக் கேப்பியோடு நான் பேசலாமா. கடைசிக் கேள்விக்கு உடனே எண் கொடுக்கிற பள்ளிக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

செப்டம்பர் வேலைக்குப் பள்ளிகள் ஜனவரியிலிருந்தே ஆள் பார்க்கத் தொடங்கிவிடுகின்றன. விசாக் குலுக்கல் வழக்கமாக பிப்ரவரியிலும் ஜூலையிலும் நடக்கிறது, ஓரிரண்டு நாள்தான் திறந்திருக்கும், ஜூலையில் பெயர் வந்து செப்டம்பரில் போய்ச் சேர்வது ரொம்பவே நெருக்கடி. எனவே பிப்ரவரியை விடாதீர்கள். பெயர் வந்துவிட்டால், பள்ளிக்கு எழுதும் முதல் மின்னஞ்சலின் முதல் வரியிலேயே அதைச் சொல்லி, எனக்கு ஸ்பான்சர் தேவையில்லை, அதாவது விசாவுக்குப் பள்ளி பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றும் எழுதிவிடுங்கள். அது தெரியாமல் பல பள்ளிகள் இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.